தொக்கு வழக்கும் ஒரு மூட்டை பாட்டிலும்

கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கதிர்வீச்சை அளந்தவர் பார்த்திபன். அதற்கெல்லாம் அவர் பயந்ததே இல்லை. ஓய்வு பெற்றுத் திருக்கழுக்குன்றத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, மளிகைக் கடை லேபிளைப் பார்த்துத்தான் பயப்பட ஆரம்பித்தார். பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போவார். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படிப்பார். ஒன்றும் வாங்காமல் திரும்புவார். அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் உள்ளே தள்ளிவிடுவார்.

அவர் சந்தேகப்படாத பண்டம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மனைவி விஜயகுமாரியின் ஜாடியில் இருக்கும் மாங்காய்த் தொக்கு.

“மாங்கா துருவித் துருவி மணிக்கட்டு வீங்கிப் போச்சுங்க. ஒரு பாட்டில் கடையில வாங்கிக்கலாமே” என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டுப் பார்த்தாள்.

“இன்னாது, கடைத் தொக்கா? வெசத்த துன்னச் சொல்றியா? உன் கைமணம் எவனுக்கு வரும்?”

பாராட்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அது உத்தரவு. விஜயகுமாரி அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜாடியில் தொக்கு மட்டும் குறையவே இல்லை.

இப்படி இருக்கையில்தான் ‘வெள்ளை மனசு’ மாங்காய்த் தொக்கு அவர் கையில் சிக்கியது. முன்பக்கம் கொட்டை எழுத்தில், ‘கெடாமல் காக்கும் ரசாயனம் துளியும் இல்லை.’ பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி 211 என்று ஓர் எண். அந்த எண்ணே கெடாமல் காக்கும் ரசாயனத்துக்குத்தான் என்பது பார்த்திபனுக்கு அத்துப்படி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தொக்கு பாட்டிலைப் பில் போட்டு, ஆனந்தமாக வாங்கி வந்தார்.

“செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டுல நிக்க வெக்கறேன் பாரு. அத்தினி பேரும் வந்துடுங்க!” என்று தெரு முழுக்க அழைப்பு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் மோசஸ் வீட்டுக்கே வந்தார்.

“சார், இது வூட்டுத் தொக்கே துன்னு வளந்த நாக்கு. கலப்படம் நுனியில பட்டாலே காறித் துப்பிடும்” என்றார் பார்த்திபன். மோசஸ் அதையே மனுவின் முதல் பத்தியாக எழுதிக்கொண்டார்.

“ஒரு பாட்டில் பத்தாது சார். ஏதோ ஒருவாட்டி லேபிள் மாறிப் போச்சும்பான். பழைய பாட்டிலு கெடைச்சா, வருஷக்கணக்கா ஏமாத்திகினு கீறான்னு புடிச்சிடலாம்” என்றார் மோசஸ்.

“பழைய பாட்டிலுக்கு எங்க போவேன்? இந்தக் கருமத்த எவன் வருஷக்கணக்கா துன்னுவான்?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. விஜயகுமாரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பரண்ல கீதுங்க.”

“இன்னா கீது?”

“பாட்டிலு. பழைய சாமான்காரனுக்குப் போடலாம்னு மூட்ட கட்டி வெச்சிருக்கேன். எல்லாம் வெள்ளை மனசுதான்.”

பார்த்திபனுக்குள் சந்தேகம் தலைதூக்கியது. பக்கத்து வீட்டின் மேல்தான் முதலில் பாய்ந்தது.

“ஒரு மூட்டையா? யாரு துன்னா?”

“நீங்கதான். ஜாடில கொட்டி, மேல ரெண்டு கரண்டி நல்லெண்ண விட்டு வெச்சேன். ‘ஆஹா, கைமணம்’னு வழிச்சி வழிச்சி துன்னீங்க. என் மணிக்கட்டுக்கும் ரெண்டு வருஷமா வலி இல்ல.”

மோசஸ் துள்ளிக் குதிக்காத குறை.

“பிரமாதம் மேடம்! வாங்குனது நீங்க. அதனால மனுதாரர் நீங்கதான். சார் முக்கிய சாட்சி. ரெண்டு வருஷம் துன்னும் கண்டுபுடிக்க முடியலன்னு கோர்ட்டுல வாயத் தொறந்து சொன்னாப் போதும், கம்பெனி காலி!”

“தெருவே வேன் புடிச்சி வருதாம் சார். இவருதான் கூப்ட்டாரு” என்றாள் விஜயகுமாரி.

பார்த்திபன் மனுவின் முதல் பத்தியை எட்டிப் பார்த்தார். கம்பெனி தோற்பதற்கு முன்னால் அவருடைய நாக்கல்லவா தோற்கப்போகிறது!

“கேஸு வேணாம் சார்.”

“ஏங்க, நான் போடறேனே?”

“தாயே, வேணாம்!”

“அப்ப மாங்கா துருவறது?”

“அதுவும் வேணாம்.”

“இட்லி மாவு?”

“பாக்கெட்டே வாங்கிக்கோ.”

அன்று மத்தியானம் மோர்ச் சோற்றுக்குத் தொக்கு பாட்டிலோடு மேசைக்கு வந்தது. பார்த்திபன் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.