நான்கு கட்டத்திலும் இல்லாத மனாங் டெல்பிக்கு

குய்மராஸ் தீவு,
ஜனவரி 27, சனிக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய என் அக்கா, மனாங் டெல்பி,

உன் ஒரே தங்கை நெனித் எழுதிக்கொள்வது. வின்னிபெக் பனியில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் இருக்க சான் ரோக்கேவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஆண்டவர் தயவில் நாங்கள் சுகம். நாங்கள் என்றால் நானும் கோழிகளும். அம்மாவும் சுகமாகத்தான் இருப்பாள். பதினொரு நாளாக என்னோடு பேசவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீ குடும்பக் குழுவை விட்டு வெளியேறி என் எண்ணையும் தடுத்துவிட்டாய். அதனால் அந்தக் காலத்து மனுஷியைப் போலத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு லோர்னாவின் கணவர் கனடா திரும்பும் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். கூடவே உலர்ந்த மாம்பழம் நான்கு பொட்டலம். மாம்பழத்தை முதலில் சாப்பிட்டுவிடு. வாய் இனிப்பாக இருக்கும்போது இதைப் படித்தால் எனக்கு நல்லது.

கேட்பது ஒன்றுதான். பிப்ரவரி 24 அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ வர வேண்டும். "நான் யாரோட பொண்ணுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, அப்புறம் டிக்கெட் போடறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீ அப்பாவின் பெண்தான். அதைச் சந்தேகத்துக்கு இடமாக்கியது ஊர் இல்லை, உலகம் இல்லை, நான்தான். எப்படி என்று கேள்.

பத்தொன்பது வருஷம் வரலாறு மட்டும் நடத்தி நிம்மதியாக இருந்தவள் நான். நவம்பரில் எங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியை அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தலைமையாசிரியை பலாசுவேலா என்னைக் கூப்பிட்டு, "மாம் நெனித், உயிரியலும் வரலாறுதான், கொஞ்சம் பழைய வரலாறு. நீங்க பார்த்துக்குங்க" என்றார். மறுக்க வேண்டிய இடத்தில் சிரித்துவைக்கிற என் வியாதி உனக்குத் தெரியும். சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். சில நாள் அரைப் பக்கம். முதல் வாரம் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்து, எட்டிப் பார்த்து, கறுப்பாக வளைந்து வரிசையாக நிற்பதுதான் செல் சுவர் என்று சொல்லி நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் வரைய வைத்தேன். அழகாக வரைந்தார்கள். "மாம், நான் கண்ணைச் சிமிட்டினா செல்லும் சிமிட்டுது" என்றான் ஒருவன். "உயிருள்ளதுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். நாங்கள் பார்த்தது எங்கள் கண்ணிமை முடியை என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. அதற்குள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். அடுத்து, செல்லின் மாதிரியைத் தின்னக்கூடிய பொருளில் செய்துவரச் சொன்னேன். ஜெல்லியில் திராட்சையும் லிச்சியும் வைத்து அருமையாகச் செய்துவந்தார்கள். நான் வருகைப்பதிவு எடுத்து முடிப்பதற்குள் எல்லா நியூக்ளியசும் காணாமல் போயிருந்தன. நியூக்ளியஸ் இல்லாத செல் என்று ஒரு பாடத்தை அங்கேயே புகுத்தி ஒப்பேற்றினேன்.

இதெல்லாம் நாலு சுவருக்குள் முடிந்த அவமானங்கள். மரபியல் பாடத்தன்று தலைமையாசிரியையும் மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேரும் என் வகுப்பைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். உனக்குத் தெரியாததா, நம் ஊரில் பிறந்தாலும் பேனர், தேர்வு எழுதினாலும் பேனர், நாய்க்கு ஊசி போட்டாலும் பேனர். நானும் படகேறி இலோய்லோ போய், ஆறடிக்கு நாலடி, நம் குடும்பத்தையே பேனராக அடித்துக்கொண்டு வந்தேன். மேலே அப்பா, அம்மா. கீழே நீ, நான். ஒவ்வொருவர் காதையும் பெரிதாக்கி, தோடு குத்துகிற அந்தக் கீழ்ச்சதைக்குச் சிவப்பு அம்புக்குறி. கடைக்காரன் பழக்க தோஷத்தில் உச்சியில் "வாழ்த்துகள்! சுமகாய்சாய் குடும்பம்" என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தான். எதற்கு வாழ்த்து என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

புத்தகத்தில் இருந்தது இதுதான், மனாங். காதுச்சதை கன்னத்தோடு ஒட்டியிருந்தால் அது ஒடுங்குபண்பு. தனியாகத் தொங்கினால் ஓங்குபண்பு. பெற்றோர் இருவருக்கும் ஒட்டிய காது என்றால் பிள்ளைக்கும் ஒட்டிய காதுதான். அப்பாவுக்கு ஒட்டியது, அம்மாவுக்கு ஒட்டியது, எனக்கும் ஒட்டியது. என்னைக் காட்டி விளக்கிவிட்டு மணியடித்ததும் கிளம்பிவிடலாம் என்பதுதான் திட்டம். உன் படத்தை அழகுக்காகத்தான் சேர்த்தேன். ஒரு பக்கம் காலியாக இருந்தால் பேனர் சாய்ந்த மாதிரி தெரிந்தது. உன் காது தொங்குவதை நானே அம்புக்குறி போட்டுக் காட்டினேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிப்பது எனக்குப் பிடித்த வேலை, ஆனால் எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் அதில் இறங்குவேன்.

பார்வையாளர்கள் வந்தார்கள். பெற்றோர் இருவருக்கும் ஒட்டிய காது என்றால் பிள்ளைக்கு வேறு வழியே இல்லை என்று மூன்று முறை அடித்துச் சொன்னேன். நம் ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: எந்தக் கேள்விக்கும் எல்லோரும் கை தூக்க வேண்டும், விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வகுப்பே நெல் வயல் மாதிரி கைகளாக எழுந்து நின்றது. மாவட்ட அதிகாரிகள் பூரித்துப்போனார்கள். ஆனால் பிள்ளைகள் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய வலது எனக்கு இடப்பக்கம் என்பதை நான் மறந்துவிட்டேன். ஒன்றுமே தெரியாத ஆறு பேரை வரிசையாக எழுப்பினேன். ஆறாவது பையன் அழாத குறையாக, "மாம், நான் தூக்கினது அந்தக் கை மாம்" என்றான். பதறிப்போய், எந்தக் கையைத் தூக்கினாலும் விடை தெரிந்தவளான பிரின்சஸ் மேயைக் கரும்பலகைக்கு அனுப்பினேன். அவள் புன்னட் கட்டம் போட்டாள், பிள்ளைக்கு எது எது வரலாம் என்று கணக்குப் பார்க்கும் நான்கு கட்டம். அப்பாவின் மரபணு எழுத்துகள் மேலே, அம்மாவின் எழுத்துகள் ஓரத்தில். நான்கு கட்டத்தையும் நிரப்பினாள். நான்கிலும் ஒட்டிய காது. பேனரைப் பார்த்தாள். மறுபடி கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கணீர்க் குரலில் கேட்டாள்:

"மாம், நாலு கட்டத்துலயும் உங்க அக்கா இல்லையே?"

அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம்! நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நான் சொன்னது, "அதுதான் இன்னைக்கு வீட்டுப்பாடம்." நாற்பத்து மூன்று பிள்ளைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்: மாமின் அக்காவுக்குத் தொங்கும் காது எப்படி வந்தது, வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுக. "சமூகத்தோட இணைந்த கற்றல்" என்று தலைமையாசிரியை எனக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார். பேனரைக் கழற்ற விடாமல், மறுநாள் பெற்றோர் கூட்டத்துக்காகப் பள்ளி வாசலிலேயே கட்டச் சொன்னார்.

ஊர் இதுவரை எந்த வீட்டுப்பாடத்தையும் இத்தனை அக்கறையாகச் செய்ததில்லை. முப்பத்தெட்டுப் பேர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். உன் பிறந்த வருஷம், அந்த வருஷம் நம் வீட்டுப் பக்கம் மீன் கொண்டுவந்தவர், கூரை வேய்ந்தவர், தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர், அவரவர் காதின் படம். ஒரு பிள்ளை அட்டவணையே போட்டிருந்தது. அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன், மனாங். என்ன செய்வது, முறை சரியாக இருந்தது.

அந்த ஞாயிறு பூசையில் யாரும் பீடத்தைப் பார்க்கவில்லை, காதுகளைத்தான் பார்த்தார்கள். மீன் வியாபாரம் செய்த நம் தியோ பெர்மின் மாமா, எழுபத்து நாலு வயது, மனைவி போய்ப் பத்து வருஷம், முடியை ஒட்ட வெட்டி எண்ணெய் தடவி, இரண்டு காதும் பளபளக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாராவது "என்ன தியோ, உண்மையா?" என்று கேட்டால், "கடவுளுக்குத் தெரியும்" என்று வானத்தைப் பார்க்கிறார். இல்லை என்று சொல்வதில்லை! கூரை வேய்ந்த தியோ கார்டிங்கின் மனைவி அவருக்குக் காதை மூடுகிற கம்பளித் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறாள், இந்த வெயிலில். தியோ இஸ்லாவோ பெட்டிக்கடையில் வந்து குறைபட்டுக்கொண்டாராம்: "எனக்கு ஒட்டின காதுன்னு என்னைக் கணக்குலயே சேர்க்கலையேம்மா. நானும் அந்தக் காலத்துல பார்க்க நல்லாத்தான் இருந்தேன்."

அந்தப் பெட்டிக்கடையில்தான் அம்மாவின் காதுக்கும் செய்தி போனது. கருவாடு வாங்கப் போனவள் திரும்பி வந்து, பொட்டலத்தை மேசையில் வைத்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, "இண்டாய், உங்கப்பா காதை நீ என்னைக்காவது பார்த்திருக்கியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வாயைத் திறந்தேன். அப்பா படகு கட்டும்போது காதில் செருகியிருக்கும் பென்சில்தான் ஞாபகம் வந்தது. பென்சிலின் நிறம், அதைக் கடித்துவைத்த தடம், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காது இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் இருந்த மனிதரின் காதை, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் நான் முதன்முதலில் பார்த்தேன். அதையும் அவருடைய பெண்டாட்டி மேல் பழி போடுவதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். அம்மா எழுந்து போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு போடுகிறாள், சத்தம் வராமல் போடுகிறாள். தினமும் மத்தியானம் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு தனியாகத் தேவாலயத்துக்குப் போய்விட்டு இருட்டுவதற்கு முன்னால் வருகிறாள். அங்கே உட்கார்ந்து அழுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். பின்னாலேயே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன சனிக்கிழமை இலோய்லோவில் என் கல்லூரித் தோழன் ருஃபினோவைப் போய்ப் பார்த்தேன். கல்லூரியில் உயிரியல் நடத்துகிறான். கதையைக் கேட்டு மேசை மேல் கவிழ்ந்து சிரித்தான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "காதுல ரெண்டு வகைன்னு எவன் சொன்னான்? ஒட்டினது, பாதி ஒட்டினது, கொஞ்சமா தொங்கறது, நல்லா தொங்கறதுன்னு வரிசையா போகும். ஒரே ஒரு மரபணு முடிவு பண்ற விஷயமில்ல அது, பல மரபணு சேர்ந்து பண்ற வேலை. ஒட்டின காது ரெண்டு பேருக்குத் தொங்கற காதுல பிள்ளை தாராளமா பிறக்கும். பாடத்துல சுலபமா இருக்கட்டும்னு அப்படி எழுதி வெச்சிருக்காங்க. நாங்களும் அப்படித்தான் நடத்தியிருக்கோம், நெனித். ஆனா ஒருத்தரும் பெத்த அம்மாவைப் பேனர்ல போட்டு நடத்தினதில்ல."

ஆகவே மனாங், உன் காது நம் அப்பா அம்மா கொடுத்ததுதான். விஞ்ஞானத்தின் மேல் குற்றமில்லை, அரைப் பக்கம் படித்துவிட்டு "வேறு வழியே இல்லை" என்று மூன்று முறை அடித்துச் சொன்னவள் மேல்தான் குற்றம். ஒரு மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டரைப் பக்கம். நாளை பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் அனுமதி வாங்கி, ஊர் முன்னால் நானே நின்று படிக்கப்போகிறேன். என் தாய் மாசற்றவள், நான் மடச்சி என்பதுதான் சுருக்கம். நடுவில் மரபணு பற்றி ஒரு பத்தி வருகிறது, அதை ருஃபினோ திருத்திக் கொடுத்தான். அம்மாவின் பெயர் துடைக்கப்பட்டுவிடும். பிறந்தநாளன்று அவள் தலைநிமிர்ந்து உட்காருவாள். நீ பக்கத்தில் இருந்தால் போதும், என்னைக் கடைசி மேசையில் பாத்திரம் கழுவ வைத்தாலும் சம்மதம். வா, மனாங். என்னோடு பேச வேண்டாம். அவளுக்காக வா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கன்னத்தைக் கிள்ளியதாகச் சொல். காதைத் தொடவில்லை என்றும் சொல். உன் வீட்டு வாசலில் மாதா நின்று குளிரை உள்ளே விடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஒட்டிய காதுத் தங்கை,
நெனித்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், நாளை படிக்கப்போகும் மறுப்பை அம்மாவுக்கு ஒரு தரம் படித்துக் காட்டிவிடலாம் என்று போனேன். கண்ணாடி முன்னால் பவுடர் பூசிக்கொண்டே இரண்டரைப் பக்கத்தையும் கேட்டாள். பிறகு பதினொரு நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"இதை நாளைக்கே படிக்கணுமா?"

"உன் பேரு கெட்டுக் கிடக்கே அம்மா."

"கெட்டுட்டுப் போகுது. உங்கப்பா போய் ஆறு வருஷம் இந்த ஊர்ல நான் இருக்கேனா இல்லையான்னு ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. இப்பப் பாரு, தேவாலயத்து வாசல்ல அஞ்சு கிழவன் தலை சீவிட்டு நிக்கறான். பெர்மின் எழுந்து இடம் கொடுக்கறான். உங்கப்பா இருந்தா இவனுங்களைப் பார்த்து வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சிருப்பாரு. முதல் மூணு நாள் உன் மேல கோவந்தான். அப்புறம் பேசினா சிரிச்சுடுவேனேன்னுதான் பேசல."

மறுப்பை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறந்தநாள் முடிந்த மறுநாள் படித்துக்கொள்ளலாமாம். அதனால் மேலே நான் எழுதியிருப்பதை யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக மரபணுப் பத்தியை. போகிற போக்கில் வாசலில் நின்று, உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள்:

"டெல்பியை முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுட்டு வரச் சொல்லு. காது நல்லாத் தெரியணும்."