கம்ப்யூட்டர் கொடுத்த பிள்ளைகள்

பாசத்தோடும் அவ்வப்போது அடியோடும் என்னை வளர்த்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன். வீட்டில் இருக்கும் ஒரே போனை அத்தான் அணைத்து அலமாரியில் போட்டு வைத்திருந்தால் எதில் சொல்வது? அதனால்தான் இன்று ராத்திரி ஊர் திரும்பும் உன் எதிர்வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்ததும் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். பதறாமல் படி.

"உனக்குன்னு ஒரு பிள்ளை இல்லையேடா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவாயே, இனிமேல் வேண்டாம். கல்யாணமே ஆகாத எனக்கு இப்போது முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எல்லாம் எங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் பதிவுக்கு வந்திருக்கும் புது மென்பொருளின் கைங்கரியம். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றும் பொறுப்பைத் துணைவேந்தர் என் தலையில் கட்டினார். ஆபீஸ் கண்காணிப்பாளர் என்ற மிதப்பில் நானும் தலையை ஆட்டிவிட்டேன். பழையதில் ஒரு கிறுக்கு உண்டு. அப்பாவின் போன் நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. சேர்க்கை நேரத்தில் கூட்டம் வாசல்வரை நிற்கும், பிள்ளைகளுக்கோ நம்பர் நினைவிருக்காது, கவுண்டரில் இருந்த புண்ணியவான்கள் தங்களுக்கு மனப்பாடமான ஒரே நம்பரைத் தட்டியிருக்கிறார்கள். என் நம்பர். லீவு கேட்டுக் கேட்டே மனப்பாடமானது. இங்கேயே படித்த உன் மகளோ, சேரும்போது தானாகவே என் நம்பரைத்தான் கொடுத்தாளாம். அவள் அப்பாவின் போன் இருக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

புது மென்பொருள் மகா புத்திசாலி. ஒரே நம்பர் என்றால் ஒரே அப்பா என்று முடிவு கட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன், போனில் ஒரு மெசேஜ்: "உங்கள் மகன் சென்ற வாரம் வகுப்புக்கு வரவில்லை." வாய் கொப்பளிப்பதற்குள், "உங்கள் மகள் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை." ஆபீஸுக்குப் போனால், மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஃபேமிலி ரொம்பப் பெரிசு" என்கிறாள். துணைவேந்தர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க" என்றார். 

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஊழியரின் பிள்ளை என்றால் ரிசல்ட்டை நிறுத்தி வை என்பது எங்கள் விதி. வேண்டியவர்களுக்கு மார்க் கூடிவிடக் கூடாதாம். அத்தனை பேர் ரிசல்ட்டும் நின்றுவிட்டது. உன் மகளுடையதும்தான். வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியில் சான்றிதழைக் காட்டாவிட்டால் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுடைய முதல் வேலை, அக்கா. 

உடனே தேர்வு மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து "இவர் என் அப்பா இல்லை" என்று கையெழுத்திட்டு, சொந்த அப்பாவின் நம்பரைத் தர வேண்டும். அவர் போனுக்கு ஒரு எண் வரும், அதை அவர் படித்துச் சொன்னால் எனக்கு விடுதலை. ஒரு நெட்டைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுக்குக் கையெழுத்து வேறயா சார்? பார்த்தாலே தெரியலையா?" என்றான். ஒரு பெண், "எங்கப்பாவுக்கு மெசேஜ் போனா நான் கட் அடிக்கிறது தெரிஞ்சிடும். நீங்களே இருந்துட்டுப் போங்க சார்" என்று கெஞ்சினாள். மூன்று நாளாகக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு திருத்தத்துக்குப் பிள்ளைகள் மாசக்கணக்கில் நடையாய் நடப்பார்கள். இப்போது நின்ற இடத்திலேயே முடிகிறது. ரிசல்ட் வந்த பிள்ளைகள் திரும்பி வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். புதுசு நல்லாத்தான் இருக்கு, அக்கா.

மிச்சம் உன் மகள் ஒருத்திதான். அவளுக்கான எண் அத்தான் போனுக்குப் போய் அலமாரிக்குள் தூங்குகிறது. கடிதம் கண்டதும் அலமாரியைத் திற, போனை சார்ஜில் போடு, அந்த எண்ணை அவளுக்குப் படித்துச் சொல். அத்தான் முறைத்தால் நீயும் முறை. நாளைதான் வெள்ளிக்கிழமை. அவளைக் கேட்டால், "நான் பார்த்துக்கறேன் மாமா, நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் போனுக்கு என் கண்டனம். நீ நூறு வயசு இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நாளை முதல் யாருக்கும் அப்பாவாக இல்லாத உன் தம்பி.

பின்குறிப்பு: அலமாரியைத் திறக்காதே. கடிதத்தை மடிக்கும்போதே என் போன் கத்தியது: "உங்கள் மகள் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளார். வாழ்த்துகள்." ஓடிப்போய்ப் பார்த்தால், உன் மகள் பதிவாளர் அறையிலிருந்து சான்றிதழும் கையுமாக வருகிறாள். ஊழியரின் பிள்ளை ரிசல்ட்டுக்குப் பதிவாளர் அனுமதி கொடுத்தால் போதுமாம். அவர் திரையில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறதாம். "எல்லாருக்கும் சேர்த்து அன்னைக்கே அமுக்கியிருப்பேனே, ஒருத்தரும் கேட்கலையே" என்றாராம் அந்த மகானுபாவர். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "நீ அவர் பொண்ணா?" என்று அவர் கேட்டதற்கு இவள், "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றிருக்கிறாள். "நம்பரை எப்ப மாத்தப் போறே?" என்று கேட்டேன். "எதுக்கு மாமா மாத்தணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த மெசேஜை அழிக்க எனக்கு மனசு வரவில்லை, அக்கா. மேலே "இப்படிக்கு" என்பதற்குக் கீழே "உன் தம்பி" என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டுப் படி.