காலஞ்சென்ற சுந்தரவல்லி எழுதிக்கொண்டது

மதுரை
14.7.2003

அன்புத் தங்கை ஹம்சவேணிக்கு அக்கா சுந்தரவல்லி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. உன் கால் கட்டைப் பிரித்துவிட்டார்களா, மாப்பிள்ளை சாய்குமாருக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறதா என்று உடனே பதில் போடவும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த எல்லாரில் நான் உண்டா இல்லையா என்று நேற்று இந்த வீட்டில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உயிரோடுதான் இருக்கிறேன். யாராவது பரமக்குடிக்கு வந்து உன்னிடம் என்னைப் பற்றித் துக்கம் விசாரித்தால் அவசரப்பட்டு அழுதுவிடாதே.

உன் மாமா, அதாவது என்னைக் கட்டிக்கொண்ட ராஜகுரு, தந்தி ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வார்த்தைகளை எண்ணி, வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியே காலம் தள்ளியவர். ரிட்டயர் ஆன பிறகு எண்ணுவதற்கு வார்த்தை கிடைக்காமல், நான் குழம்பில் போடுகிற புளியை அளக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். கொஞ்ச நேரமாவது வீட்டை விட்டுத் தொலையட்டும் என்று நான்தான் அனுப்பிவைத்தேன். அங்கே இன்டர்நெட்டில் 'சாயங்காலச் சபை' என்று ஒரு குழுவாம். அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும்தான் சேரலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டில் என்ன வேலை செய்தார்கள், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார்கள். படித்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் அங்கேயே வலிக்கிறது என்று பதில் போடுவார்கள். இதற்குக் காசு கொடுத்து உட்கார வேண்டும். அந்தச் சபையில் உன் மாமா பெரிய உழைப்பாளி. 'இன்று மாவு ஆட்டியாச்சு. இடுப்பு இல்லை.' 'போர்வை துவைத்தாச்சு. தோள் போச்சு.' மாவு ஆட்டியது நான், களைத்தது அவர். வீட்டில் நம்ம சௌராஷ்டிர பாஷையில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் பழைய வேலை ஞாபகம் வந்து வார்த்தைக்கு வார்த்தை சிக்கனம் பிடிப்பார்.

உன் காலைப் பார்த்துக்கொள்ள நான் பரமக்குடிக்குப் பஸ் ஏறினேன் அல்லவா, அன்று சாயங்காலம் சபைக்கு இவர் தட்டிய செய்தி இது: 'சுந்தரவல்லி போயிட்டா. வீடு வெறிச்சோடிக் கிடக்கு. இனி எல்லா வேலையும் நான்தான். முடியல.' எப்படி இருக்கிறது பார். ஊருக்குப் போகிறவளை 'போயிட்டு வருவா' என்று சொல்ல வேண்டும், மொட்டையாகப் போயிட்டா என்றால் யார் எங்கே போனதாக அர்த்தம் என்று பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு 'வருவா'வை மிச்சம் பிடித்தார், நான் போய்ச் சேர்ந்தேன். அதோடு விட்டாரா? மறுநாளிலிருந்து தானே பாத்திரம் தேய்த்து, தானே சோறு வடித்து, கையையும் சுட்டுக்கொண்டு, அந்தக் களைப்பில் பிரவுசிங் சென்டர் படியேற முடியாமல் வாரம் முழுக்க வீட்டிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். இத்தனை நாள் களைக்காமலே களைப்பை எழுதியவர், நிஜமாகக் களைத்தபோது எழுதவில்லை. மனுஷன் துக்கத்தில் பேச்சற்றுப் போனார் என்று சபை முடிவு கட்டிவிட்டது.

நேற்றுக் காலை நான் பையோடு வீட்டுக்குள் நுழைகிறேன், கூடம் நிறைய ஆள். மூட்டுவலித் தைலம் வரவழைப்பதற்காக இவர் எப்போதோ சபையில் எழுதிய விலாசத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கொட்டாம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணன், பசுமலையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சிவக்குமார், அலங்காநல்லூரிலிருந்து மாயக்காள் என்று ஒரு அம்மா. நடுவில் உன் மாமா, வாரத்துத் தாடி, ஈரத் துண்டு, சுட்ட கை. நிஜமாகவே நான் போயிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்க மாட்டார். அந்த அம்மா கையைப் பிடித்து அழுததும் இவரும் அழுதிருக்கிறார். துக்கத்தில் இல்லை, அசதியில். அழுது முடித்த பிறகுதான் எதற்காக அழுகிறார்கள் என்றே இவருக்குப் புரிந்ததாம். அதன்பிறகு எந்த வாயால் சொல்வது? தேள் கொட்டின திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றவர், வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து, "இவ அவளோட தங்கச்சி" என்றார்.

ஆக, நேற்று ஒரு வேளைக்கு நான் நீயாக இருந்தேன், வேணி. நான் ஏன் அங்கேயே உடைத்துச் சொல்லவில்லை என்று கேட்பாய். செத்த பிறகு நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பேசாமல் அடுப்படிக்குப் போய், என் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நானே காப்பி கலந்தேன். கருத்தக்கண்ணன் ஒரு ரோஜா மாலை கொண்டுவந்து என் போட்டோ எங்கே என்றார். வீட்டில் இருந்தது எங்கள் கல்யாணப் போட்டோ ஒன்றுதான். என் பாதியில் மட்டும் மாலையைப் போட அவர் எவ்வளவோ பாடுபட்டார், அது நழுவி நழுவி இரண்டு பேர் கழுத்திலும் விழுந்தது. போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த சிவக்குமார் அக்கா சாயல் கொஞ்சம் இருக்கிறது என்றார். கொஞ்சமாம்.

சபையில் வந்த இரங்கல்களையெல்லாம் சிவக்குமார் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். படித்தேன். ஒருவர், மாவு இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார். ஒருவர், பருப்புக்கு மூன்று விசில் போதும் என்கிறார். இன்னொருவர் துணிக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நான் எந்த நோவில் போனேன் என்று ஒரு பிரகஸ்பதியும் கேட்கவில்லை. சிவக்குமார் அதற்கும் ஒருபடி மேலே போய், மச்சினி இருக்கும்போது அண்ணன் எதற்கு ஓட்டலைத் தேட வேண்டும், வந்து தங்கிச் சமைத்துப் போடட்டுமே என்று உன்னை இங்கே வேலைக்கு அமர்த்திவிட்டார். மாப்பிள்ளைக்குச் சோறு யார் வடிப்பது என்பதைப் பற்றி அந்தக் கூடத்தில் யாருக்கும் விசாரம் இல்லை.

மாயக்காள் மட்டும் காப்பி டம்ளரைக் கழுவ அடுப்படிக்கு வந்தவள் என் பக்கத்தில் நின்று, "அக்கா எப்படித் தாயி போனாக? ரொம்பச் செரமப்பட்டாகளா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து அந்தப் பதில் வந்ததோ தெரியாது. "களைப்புல போயிட்டா" என்றேன். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினாள். அந்த நிமிஷத்தில் செத்துப்போன சுந்தரவல்லிக்காக நானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன்.

இத்தனையும் பொறுத்தேன். ஆனால் அவர்கள் கிளம்பினார்கள் பார், அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது இல்லையா, அதனால் ஒருவரும் வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல், செருப்பை மாட்டுகிறார்கள். நான் விளக்கேற்றுகிற வீட்டு வாசலிலிருந்து மூன்று பேர் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்குகிறார்கள். நில்லுங்கள், சொல்லிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன்.

"எளவு வீட்ல சொல்லிக்கிட்டுப் போற வழக்கமில்ல தாயி" என்றாள் மாயக்காள்.

"இது எளவு வீடில்லக்கா. சுந்தரவல்லி நான்தான்."

கருத்தக்கண்ணன் செருப்பு விடுகிற படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவக்குமார் உன் மாமாவைப் பார்த்து, அப்படியானால் போயிட்டா என்று எழுதியது எங்கே போனதை என்று கேட்டார். உன் மாமா, "பரமக்குடிக்கு" என்றார். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே தட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கூட வேலை பார்த்தவர்கள்கூட எட்டிப் பார்க்காத வீட்டுக்குப் பஸ் மாறி வந்தவர்கள் இவர்கள். இன்றோடு இந்தச் சினேகமும் போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சிவக்குமார் ஏதோ கோபமாக ஆரம்பித்தார். மாயக்காள் அவரைக் கையமர்த்திவிட்டுச் சொன்னாள்: "போன ஆடியில நானும் இப்படித்தேன் எழுதுனேன், எங்க வீட்டுக்காரர் போயிட்டாருன்னு. இந்த அண்ணேந்தான் எந்த ஊருக்கு, எப்ப வருவாருன்னு கேட்டிருந்தாரு. அப்படி ஒருத்தரு கேக்குறதே ஆறுதலா இருந்துச்சு. அதேன் பதில் போடாம விட்டுட்டேன்."

உன் மாமா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதார். இந்தத் தடவை அசதியில் இல்லை. நானும் அழுதேன். தனக்கு ஒருவரும் வராத துக்கத்தை வைத்துக்கொண்டு எனக்காக அலங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறியிருக்கிறாள், வேணி. பிறகு மூன்று பேரும் போயிட்டு வாரோம், போயிட்டு வாரோம் என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தெருமுனை திரும்பும்போது மாயக்காள் மறுபடி ஒரு தடவை சொன்னாள்.

சரி, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைப்பாய். கதவைச் சாத்திவிட்டு உன் மாமா என்னிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? காப்பி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். உயிரோடு திரும்பி வந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆகையால் தீர்மானித்துவிட்டேன். புதன்கிழமைக் காலைப் பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன், இனி திரும்புவதாக இல்லை. மாடி அறையைப் பெருக்கி வை. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு உன் மாமா இங்கே தனியாகக் களைக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் நூறாயுசு. அந்தக் காலை ஈரத்தரையில் வைக்காதே.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அக்கா,
சுந்தரவல்லி

பின்குறிப்பு: மாடி அறையைப் பெருக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் புதன்கிழமையே வந்துவிட்டது. இன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வேண்டுமென்றே தமிழில் "நான் போறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உள்ளேயிருந்து ஓடி வந்து வாசலை மறித்து நின்று, "வல்லி, இன்னும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லு. காசு நான் கட்டுறேன்" என்றார். பையை இறக்கிவிட்டேன். இப்போது மாவு அவர் ஆட்டுகிறார். எனக்குத்தான் களைப்பாக இருக்கிறது.