பேய்க்குக் குரல்: கமீலா

இந்த வருசம் ஒரு பெரிய முடிவெடுத்தன். இனி நான் கேம் விளையாட மாட்டன். கேம் செய்வன்.

சிரிக்காதீங்க. முந்தி வீடியோ கேம் செய்யிறதெண்டா பெரிய கம்பனி வேணும், ஆயிரம் பேர் வேலை செய்யணும். இப்ப அப்பிடியில்ல. எங்கயோ ஒருத்தன் தனியா அறைக்குள்ள இருந்து ஒண்டைச் செய்யிறான், உலகமே விளையாடுது. இண்டி கேம் எண்டு பேர். இனி எதிர்காலமே தனியாள் கையிலதானாம். பழைய லெப்டொப் ஒண்டும் கொஞ்சம் பைத்தியமும் இருந்தாப் போதும். சாய்ந்தமருதில கலியாணக் கார்ட் டிசைன் பண்ற ஜெஸீமுக்கு, அதாவது எனக்கு, ரெண்டும் இருந்திச்சு.

பயங்கரக் கேம்தான் நல்லா ஓடுதெண்டாங்க. சரி, நமக்குத் தெரிஞ்ச பயங்கரத்தைச் செய்வம் எண்டு இருந்தன். எனக்குத் தெரிஞ்ச பயங்கரம் ஒண்டுதான். பேர் கமீலா. என்ட பொஞ்சாதி. கணக்கு டீச்சர்.

அவ பள்ளிக்கூடம் போற நேரத்தில ஏழு மாசமா இருந்து செஞ்சன். கதை லேசு. தேங்காய் வாங்க மறந்து போன புருஷன் ஒருத்தன் முன் கேற்றால ஊட்டுக்குள்ள வாறான். உள்ளுக்குப் பேய். அதுட கண்ணில படாம பின்வாசலால தப்பணும். ஊடு எங்கட ஊடேதான், அறைக்கு அறை அளந்து கீறினன். பேய்ட குரலுக்கு மட்டும் ஆள் கிடைக்கல்ல. நடிகையைப் பிடிக்க நான் என்ன பெரிய கம்பனியா? போனை மேசையில வெச்சு, கமீலா கதைக்கிறதைக் களவாப் பதிஞ்செடுத்தன்.

"இஞ்ச பாருங்க... எங்க போறீங்க? சொன்ன சாமான் எங்க?"

இவ்வளவுதான். இதை இருட்டான ஹோலுக்குள்ள போட்டுக் கேட்டன். செஞ்ச எனக்கே வேர்த்துப் போச்சு.

இணையத்தில போட்டன். பிரேசில்ல ஒருத்தன் விளையாடின வீடியோ பாத்தன், கதிரையோட பின்னால விழுந்தான். கொரியாவில ஒரு பிள்ளை அழுதிட்டு. அவங்களுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அர்த்தம் தெரியாதவனே இப்பிடிப் பயந்தா, அர்த்தம் தெரிஞ்ச நான் பதினொரு வருசம் எப்பிடி இருந்திருப்பன்!

மாஷா அல்லாஹ், கேம் ஓடிச்சு. என்ட உசிர்தான் ஓட ஆயத்தமாகிச்சு. கமீலாக்குத் தெரிஞ்சா?

வெளியூர் ஆக்களுக்கு இது விளங்காது. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணுர ஊட்டுக்குப் போறது. கதவும் அவட, கட்டிலும் அவட, கிணறும் அவட. என்ட எண்டு அந்த ஊட்டுல இருக்கிறது செருப்பு ஒரு சோடி. அதுவும் வாசலுக்கு வெளியதான் கிடக்கு. போங்க எண்டு கமீலா சொல்லிட்டா மருதமுனைக்கு, உம்மாட்டத்தான் போகணும். அதுவும் தங்கச்சிட ஊடு. உம்மா கெஞ்சிக் கேட்டா ஒரு பாய் கிடைக்கும்.

அதால கமீலாட போன் அடிச்சா நான் நடுங்கினன். அவ சிரிச்சாலும் நடுங்கினன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு வந்தா. சோறு போட்டா. என்ட சோத்துக் கோப்பையில ரெண்டு துண்டு மீன் வெச்சா. ரெண்டு துண்டு! நான் ஒண்டையும் தொடல்ல.

"இண்டைக்கு கிளாஸில கரும்பலகைக்குத் திரும்பி நிண்டு, 'இஞ்ச பாருங்க' எண்டன்" எண்டா.

"ம்."

"நாப்பது பிள்ளைகளும் கத்திட்டு மேசைக்குக் கீழ போயிட்டுகள்."

"ஏனாம்?"

"ஏதோ கேமாம். பேய் கதைக்குதாம். லெப்டொப்பை எடுங்க."

எடுத்தன். கமீலா போனை மேசையில கவிட்டு வெச்சிட்டு, விளையாடினா. என்ட கேமை ஒரு சின்னச் சத்தம்கூடப் போடாம விளையாடின முதல் ஆள் அவதான். முடிச்சிட்டு என்ட பக்கம் திரும்பினா.

"இது யார்ட குரல்?"

"அது... இணையத்தில எடுத்தது."

"சாய்ந்தமருதுத் தமிழ் இணையத்தில விக்கிறாங்களா?"

"இல்ல..."

"வல்லாஹி, உண்மையைச் சொல்லுங்க. யார்ட?"

றப்பே! சத்தியமும் வந்திட்டு. உண்மையைச் சொன்னா ஊடு போகும். கண்ணுக்கு முன்னால செருப்புத்தான் தெரிஞ்சிது. வாய் தானாத் திறந்திட்டு.

"உம்மாட."

"யார்ட உம்மாட?"

"என்ட உம்மாட. அவட குரல்தான் பேய்க்குப் பொருத்தமா இருந்திச்சு."

கமீலா மெதுவாப் போனை நிமித்தினா.

"மாமி, கேட்டீங்களா?"

"கேட்டன் மகள்" எண்டு உம்மா ஸ்பீக்கர்ல. "டேய் மனே! பத்து மாசம் சுமந்த நான் உனக்குப் பேயாடா?"

"உம்மா, இல்லம்மா, அது நீங்க இல்ல..."

"நான் இல்லாட்டி யாருடா?"

கமீலா என்னைப் பாத்தா.

"இனி மருதமுனைப் பக்கம் கால் வெச்சிராத!" போன் கட்டாகிட்டு.

"நீங்க இதைத்தான் சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும். அதான் மாமியை லைன்ல வெச்சன்" எண்டா கமீலா.

முடிஞ்சிது. ரெண்டு ஊடும் போச்சு. நான் எழும்பினன்.

"எங்க போறீங்க?"

கேமில வாற அதே குரல். இருந்திட்டன்.

"என்னைப் பேயாக்கினதுக்குக் கோபமில்ல. அந்தப் பேய்க்கு மூளையில்லாமச் செஞ்சீங்களே, அதுதான் கோபம். புருஷன் பின்வாசலால போறான், அது பாத்திட்டு நிக்குது. நான் அப்பிடியா?"

"இல்ல."

"அப்ப பின்வாசலைப் பூட்டுங்க. மதிலை உயத்துங்க. என்ட பேரைப் போடுங்க."

அண்டைக்கே கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில இருந்தா. அதோட தனியாள் கேம் முடிஞ்சிது.

ரெண்டாம் பாகம் ரெண்டு மாசத்தில வெளியாகிச்சு. முதலாவதை விட நாலு மடங்கு ஓடுது. உலகம் முழுக்க ஒரே கேள்விதான் எழுதுறாங்க: இந்தப் புருஷன் தப்பிறதுக்கு வழியே இல்லியா?

பதில் எழுதுறது கமீலா: "இல்ல."