சராசரியைத் தாண்டாதவர்கள்

பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகளை இறுதியாண்டு இளநிலைத் தேர்வின் சராசரி மதிப்பெண்படி வரிசைப்படுத்திப் பத்திரிகையில் போடும் நல்ல வழக்கத்தைத் தொடங்கிய ஆண்டில், எங்கள் கல்லூரிக்கு ஏழாவது இடம் கிடைத்தது. ஏழாவது இடம் மகா கேவலமான இடம். கடைசி இடம் என்றாலாவது நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். ஏழாவதை யாரும் ஏனென்றுகூடக் கேட்க மாட்டார்கள். கடைசி இடம் எங்களுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போனது. அங்கே கூரை ஒழுகும், பெஞ்சு ஆடும், அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவும் மாட்டார்கள்.

எங்கள் முதல்வர் அலட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவர். அன்று மாலையே ‘தர உயர்வுக் குழு’ அமைத்துவிட்டார். உறுப்பினர் செயலர் அடியேன். வரலாறு சொல்லிக்கொடுக்கிற ஆளுக்குத் தரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் மனைவி கேட்டாள். குழுவுக்கு ஏசி அறை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

குழுவின் மூளை புள்ளியியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தசமம். மணி என்ன என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துச் சொல்வார். நல்ல மனிதர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்.

“சராசரியை ஏத்தணும். என்ன வழி?” என்றார் முதல்வர்.

“நல்லாச் சொல்லிக்கொடுக்கலாம் சார்” என்றேன் நான். குழுவுக்குப் புதிது, விவரம் பத்தவில்லை.

முதல்வர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அதெல்லாம் நடக்கிற காரியமா? அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். பட்டியல் வருஷா வருஷம் வருது.”

தசமம் தொண்டையைச் செருமினார். “சராசரிக்குக் கீழ இருக்கிறவங்களை எடுத்துட்டா சராசரி தானா ஏறும் சார்.”

“எடுத்து எங்க வைக்கிறது?”

எல்லோரும் ஜன்னல் வழியாக எதிர்க் கல்லூரியைப் பார்த்தோம். அதன் கேட் எப்போதும் போலத் திறந்து கிடந்தது.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். ‘மாணவர்தம் நலனையும் கல்லூரியின் மாண்பினையும் ஒருங்கே கருத்திற்கொண்டு, மாதிரித் தேர்வில் சராசரியைத் தாண்டாத இறுதியாண்டு மாணவர்கள் அண்மையிலுள்ள கல்வி நிறுவனத்திற்கு அன்புடன் இடம்பெயர்த்து வழங்கப்படுவர்.’ ‘அன்புடன்’ என்ற சொல் என் சொந்தச் சரக்கு. முதல்வர் அதை இரண்டு முறை படித்துப் பாராட்டினார்.

எதிர்க் கல்லூரி முதல்வரிடம் பேசப் போனதும் நான்தான். மனிதர் தரையில் உட்கார்ந்து ஒரு பெஞ்சுக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேர் வருவாங்க?”

“பாதிப் பேர் இருக்கும் சார்.”

“தாராளமா வரட்டும்.”

எனக்கே மனசு கேட்கவில்லை. “இவங்களைச் சேர்த்தா உங்க இடம் இறங்கிடுமே சார்?”

“எங்களுது கடைசி இடம் தம்பி. அதுக்குக் கீழ இன்னும் இடம் கண்டுபிடிக்கலை” என்று அடுத்த ஆணியை எடுத்தார்.

முதல் சுற்று அமைதியாக முடிந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்த எங்கள் கல்லூரியே ஆள் போட்டுக் கொடுத்தது. அடுத்த மாதிரித் தேர்வில் சராசரி விறுவிறுவென்று ஏறியது. முதல்வர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். கேக்கைத் தின்றுகொண்டே தசமத்தின் தாளைப் பார்த்தவருக்கு முகம் சுருங்கியது.

“என்னய்யா இது? மறுபடியும் பாதிப் பேர் சராசரிக்குக் கீழ இருக்காங்க? போன மாசம்தானே சுத்தம் பண்ணோம்?”

“சராசரின்னா அப்படித்தான் சார். எப்பவும் கொஞ்சம் பேர் கீழ இருப்பாங்க.”

“எப்பவுமா? இவ்வளவு ஒழுங்கீனத்தையா இத்தனை நாள் பொறுத்துக்கிட்டிருந்தோம்?”

இரண்டாவது சுற்றுக்கு அங்கேயே உத்தரவானது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் மகள் அதே கல்லூரியில், அதே இறுதியாண்டில் படித்துக்கொண்டிருந்தாள். சுமாரான படிப்பு, ஆனால் முட்டி மோதிப் படிக்கிற பெண். எங்கள் கல்லூரிப் பட்டம் கையில் இருந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. முதல் சுற்றில் தப்பினாள். இரண்டாவதில் மயிரிழையில் தப்பினாள். அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “அடுத்த சுற்று எப்பப்பா?” என்று கேட்கும்போதெல்லாம் குழு ரகசியம் என்று சொல்லிவிட்டு மோர் கேட்பேன்.

மூன்றாவது சுற்றில் அவள் பெயர் வந்தது.

“உங்க பொண்ணா?” என்றார் முதல்வர். “அப்ப இந்த உத்தரவுலயும் நீங்களே கையெழுத்துப் போடுங்க. குழுவோட நடுநிலைமை ஊருக்குத் தெரியணும்.”

“எவ்வளவுல போச்சு?” என்று தசமத்தைக் கேட்டேன்.

“புள்ளி நாலு சார்.”

பெற்றவன் மனசு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கையெழுத்து நேராகவே விழுந்தது, பழக்கம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “பெத்த பொண்ணைத் துரத்திட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

“துரத்தலை. இடம்பெயர்த்து வழங்கியிருக்கோம்.”

மகள் அழுதாள். “புள்ளி நாலா? அது தும்முனாப் போற மார்க்குப்பா.”

“போன சுற்றுல உன் சிநேகிதி போனாளே, அப்ப நீ வாயே திறக்கலையே?”

“அவ போனா சராசரி ஏறும், நம்ம கல்லூரிக்கு நல்லதுன்னு நினைச்சேன்” என்றாள். என் பெண் என்பதில் சந்தேகமே வேண்டாம். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளும் சாலையைக் கடந்தாள். எதிர்க் கல்லூரியில் இடம் போதாமல் மாடிப்படியில் வகுப்பு நடந்தது. எங்கள் இறுதியாண்டு வகுப்பில் நாளுக்கு நாள் கூட்டம் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு மாணவன் மிஞ்சினான். தங்கப்பதக்கம் என்று அவனுக்கு ஏற்கெனவே பெயர். அவன் ஒருவனுக்கு மொத்தப் பேராசிரியர்களும் பாடம் நடத்தினோம். அவன் எதிரில் யாரும் தும்மக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கேன்டீனில் அவனுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுக்க ஒரு இணைப் பேராசிரியர். அவனோ வகுப்பு நேரமெல்லாம் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்க மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் கூட்டத்தில் முதல்வர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்ப யாரும் சராசரிக்குக் கீழ இல்லையே?”

“இல்லை சார்” என்றார் தசமம். கேள்வி முடிந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டார்.

முதல்வருக்கு ஏதோ உறுத்தியது. “தாண்டியிருக்கானில்ல?”

“தாண்டலை சார். அவன் ஒருத்தன்தானே இருக்கான், அவன் மார்க்குதான் சராசரி. சமமா நிக்கிறான்.”

முதல்வர் என் தீர்மானத்தை எடுத்துப் பார்த்தார். ‘சராசரியைத் தாண்டாத’ என்றுதான் இருந்தது.

“தீர்மானம் தீர்மானம்தான். ஆளுக்கு ஆள் சட்டம் மாறக் கூடாது” என்றார். தங்கப்பதக்கத்தை நான்தான் சாலை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பையன் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான்.

தேர்வு நடந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து யாரும் எழுதவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதும் பல்கலைக்கழகக் கணினி நின்றுபோனது. எனவே துணைவேந்தர் தலைமையில் உயர்மட்டக் குழு கூடி ஆராய்ந்து, ‘இக்கல்லூரியின் மாணவர் எவரும் ஒரு மதிப்பெண்ணைக்கூட இழந்ததாகச் சான்று இல்லை’ என்று கண்டுபிடித்தது. முதலிடம் எங்களுக்கு. எதிர்க் கல்லூரி நிறையப் பேரைத் தேர்ச்சி பெற வைத்தும், சேர்க்கையில் கட்டுப்பாடு இல்லாத காரணத்தால் கடைசி இடத்திலேயே இருத்தப்பட்டது.

என் மகள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். எனக்கும் பெருமைதான், சத்தியமாக. ஆனால் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் அதிகாரி சான்றிதழைப் பார்த்துவிட்டு, “கடைசி இடத்துக் கல்லூரியா?” என்று மூடி வைத்துவிட்டாராம். பெண் எழுந்திருக்கும்போது தயங்கித் தயங்கி, “அதுக்கு நேர் எதிர்ல இருக்கிற கல்லூரியிலதான் முன்னாடி இருந்தேன் சார். நீக்கிட்டாங்க” என்றிருக்கிறாள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “முதலிடத்துக் கல்லூரியா? எந்தச் சுற்றுல நீக்கினாங்க?”

“மூணாவது சார்.”

“மூணு சுற்று வரைக்கும் தாக்குப்பிடிச்சீங்களா? உட்காருங்கம்மா.”

வேலை கிடைத்துவிட்டது. அவள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில், தேறிய கல்லூரியின் பெயர் சின்ன எழுத்திலும் நீக்கிய கல்லூரியின் பெயர் பெரிய எழுத்திலும் இருந்தன.

அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாளில் எங்கள் வாசலில் கால் வைக்க இடமில்லை. நீக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள்தான் முன்வரிசையில், அடுத்த பிள்ளையோடு. “உங்க பையன் எத்தனை சுற்று தாங்குவான்?” என்று ஒருவரையொருவர் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எதிர்க் கல்லூரி முதல்வரும் தன் பையனோடு நின்றார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் என் மகள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு.

“இவன் படிக்கிற லட்சணத்துக்கு முதல் சுற்றுலயே போயிடுவானேம்மா” என்றேன்.

“போகட்டுமேப்பா. முதல்ல இங்க சேர்ந்தாத்தானே துரத்துவாங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எப்படியாவது ரெண்டாவது சுற்று வரைக்கும் இழுத்துப் பிடிங்க. கையெழுத்து நீங்கதானே போடறீங்க?” என்றாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். குழுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.