அண்ணன் காலடியில் இருந்த பெட்டி

நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்க வேண்டும். கண்ணாடிக்காரர் எட்டி எடுத்தார். எட்டிய வரைக்கும் சரி; எடுத்ததுதான் கையில் நிற்கவில்லை. அண்ணன் வீட்டு அலமாரியின் மேல் தட்டிலிருந்த இரும்புப் பெட்டி அவர் தோளைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, கடைசியில் தரையைத் தொட்டது.

"என்ன தம்பி சத்தம்?" சமையலறையிலிருந்து அண்ணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. முழங்கால் இடிச்சுக்கிச்சு."

"தகரம் விழுந்த மாதிரி இருந்துச்சே."

"வயசாச்சு இல்லையா. மூட்டெல்லாம் இப்ப அப்படித்தான் சத்தம் போடுது."

அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் போன பிறகு அவள் யாருடைய ஜோக்குக்கும் சிரிப்பதில்லை. அதற்கு முன்பும் கண்ணாடிக்காரரின் ஜோக்குக்கு அவள் சிரித்ததில்லை என்பதால் அவருக்கு மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

விழுந்தது அண்ணனின் வைப்ரட்டோ பெடல். கிடாரிலிருந்து வரும் ஒயரை அதற்குள் விட்டுக் காலால் ஒரு அமுக்கு அமுக்கினால், நேராக வந்துகொண்டிருந்த ஸ்வரம் தண்ணீரில் விழுந்த நிலா மாதிரி அலைந்து அலைந்து வரும். இப்போதெல்லாம் இதைத் தீப்பெட்டி அளவில் செய்கிறார்கள். இது அந்தக் காலத்துச் சரக்கு. செங்கல் அளவு, செங்கல் கனம். அண்ணன் வாரம் முழுக்க ஒரு கிடங்கில் கதவு திறந்து மூடும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ஓட்டலின் மூலை மேடையில் ஏறி, இந்தச் செங்கல்லின் மேல் காலை வைத்து, வேறு ஆளாகிவிடுவார். ஒரு நாள் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோனது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வருகிற ஞாயிறு அதே மேடையில் நண்பர்கள் அவருக்காக ஒருமுறை வாசிக்கப் போகிறார்கள். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று.

"அவர் எப்பவும் கடைசியா வாசிக்கிற அந்தப் பாட்ட மட்டும், அவர் பெட்டிய வச்சு வாசிக்கச் சொல்லுங்க தம்பி. அந்தச் சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டா போதும். அப்புறம் எனக்குத் தூக்கம் வந்துரும்."

போனில் ஒரு பதிவு இருக்கத்தான் செய்தது. அதில் தெளிவாகக் கேட்பது பக்கத்து மேசைக்காரரின் தும்மல்.

கண்ணாடிக்காரர் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்கிற மாதிரி நொண்டி நொண்டி வாசல்வரை போனார். தெருவுக்கு வந்ததும் நொண்ட மறந்துவிட்டார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவிலேயே மிகச் சின்ன திருப்புளி அவரிடம்தான் இருந்தது என்பதால் கடிகாரம், பூட்டு, பொம்மை எல்லாம் அவரிடம் ரிப்பேருக்கு வந்தன. அவரும் முடியாது என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ரிப்பேராகித் திரும்பிப் போனதும் எதுவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிடார் வாசிக்கப்போவது பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர். அவரைக் கிடாரோடு கடைக்கு வரவழைத்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து, பெட்டியை மின்சாரத்தில் சொருகி, "அமுக்குங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் அமுக்கினார். வாசித்தார். ஸ்வரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது.

"இதுல உயிர் இல்லையே" என்றார் டாக்டர், சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு. "எங்கயாவது அடிபட்டுச்சா?"

"சேச்சே."

அவர் போனதும் கண்ணாடிக்காரர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னத் தகரக் கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் ஒரு குட்டி பல்பு. அதைச் சுற்றி, வெளிச்சத்தை உணர்கிற நாலு வில்லைகள். பல்பு மங்கி மங்கி எரியும். வில்லைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த மங்கலும் பிரகாசமும்தான் ஸ்வரத்தின் அலை. நாலு கண், ஒரு விளக்கு. தம்பி வைத்திருக்கிற கடையையே அண்ணன் இத்தனை காலம் காலடியில் வைத்திருந்தாரா என்று தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பல்பின் உள்ளே கம்பி அறுந்திருந்தது. நாம் போட்டதுதான் என்று நினைத்துக்கொண்டார். டார்ச் லைட்டிலிருந்து ஒரு பல்பைப் பிடுங்கி அதில் வைத்தார். அழகாக மங்கி மங்கி எரிந்தது. ஆனால் ஸ்வரம் மட்டும் அசையவே இல்லை.

'வில்லையும் போச்சா' என்று முணுமுணுத்து, நல்ல நாலு வில்லைகளையும் சூடு வைத்துப் பெயர்த்தார். அதில் ஒன்று இரண்டானது. புதிது வாங்கிப் பொருத்தினார். அசையவில்லை. ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றினார். இந்தத் தடவை மெல்லிய புகை வந்து, ரப்பர் எரிந்த நாற்றம் கடையை நிறைத்தது. திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார். புகை நின்றதையே அன்றைய முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார்.

அப்போது தபால்காரர் வந்தார். பகலில் தபால், ஞாயிறு மாலை மேடையில் பேஸ் கிடார். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றே பாதி ஆயுசு போனவர். மேசைமேல் குடல் சரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இத எதுக்குத் தம்பி நோண்டுறீங்க?"

"அண்ணிக்கு அந்தச் சத்தம் வேணுமாம். இதுல டயல எங்க வச்சு வாசிப்பாரு அண்ணே? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? வேகம் கூடவா, குறைச்சலா?"

"டாக்டர் சும்மாவே நல்லா வாசிப்பாரு. பெட்டி இல்லாமலே வாசிக்கட்டும்."

"அண்ணி கேட்டது அத இல்லையே."

"பாக்கலாம்" என்று மறுபடி சொல்லிவிட்டு, கொடுக்க வந்த தபாலைக் கொடுக்காமலே போய்விட்டார். டாக்டர்மேல் பொறாமை என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டினார்.

மறுநாள் ஒரு பருத்த வாடிக்கையாளர் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரிலிருந்த முகம்பார்க்கும் கண்ணாடியை நோக்கி மேசைமேல் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, டாக்டர் விட்டுப்போயிருந்த கிடாரின் தந்தியைக் கண்ணாடிக்காரர் சுண்டினார். ஸ்வரம் அலைந்து அலைந்து வந்தது.

"சார், அப்படியே இருங்க."

"எதுக்குங்க?"

"நிமிராதீங்க. பவர் பாக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். அலை நின்றது. மறுபடி குனிய வைத்தார். அலை வந்தது. அந்த மனிதரின் தொப்பை நிழல் பெட்டிமேல் விழும்போதெல்லாம் பெட்டிக்கு உயிர் வந்தது. கண்ணாடிக்காரர் மெதுவாகத் தலையை உயர்த்தித் தன் கடையின் கூரையைப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவருக்கும் எழுத்துத் தெரியட்டும் என்று வரிசை வரிசையாக அவரே மாட்டிவைத்த குழல் விளக்குகள். அத்தனை வெளிச்சத்தில் மூடியைத் திறந்து போட்டால் அந்த வில்லைகள் குட்டி பல்பை எங்கே பார்க்கும்? பல்பை மாற்றியதுமே மூடியை மூடியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஒளியை வைத்துப் பிழைப்பு நடத்துகிற மனிதர், வெளிச்சம் அதிகமானது தெரியாமல் நாலு நல்ல கண்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்.

"எனக்குப் பவர் கூடிருச்சாங்க?" என்றார் வாடிக்கையாளர், குனிந்தபடியே.

"எனக்குத்தான் சார்."

மூடியை மூடினார். பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. அன்று மாலையே டாக்டரையும் இழுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனார். டாக்டர் கடைசிப் பாட்டை வாசித்தார். ஸ்வரம் அலைந்தது, குழைந்தது. கண்ணாடிக்காரருக்கே கண் கலங்கியது.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா இது இல்ல."

"எது அண்ணி இல்ல?"

"இது ஊஞ்சல் மாதிரி ஒழுங்கா ஆடுது. அவருது அப்படி இருக்காது. ஒருத்தர் ஏதோ சொல்ல வந்துட்டு, சொல்லலாமா வேண்டாமான்னு நிப்பாங்களே, அந்த மாதிரி இருக்கும்."

டாக்டர் கிடாரைப் பைக்குள் வைத்தார். "அந்த மாதிரி ஒரு டயல் இதுல இல்லம்மா."

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் ஒழுங்காக வேலை செய்கிற பெட்டியைக் கெடுக்க ஆரம்பித்தார். புது பல்பு ரொம்பச் சுறுசுறுப்பு என்று பழைய பல்பு ஒன்று தேடிப் போட்டார். ஸ்வரம் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தியது. மனைவியின் நகப்பூச்சை எடுத்து வில்லைகளில் மெல்லப் பூசினார். அது கடல் பயணத்தில் வாந்தி எடுப்பவர் மாதிரி வந்தது. மனைவி வந்து காலிப் புட்டியைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் பெட்டிக்கு இனி பொட்டும் வச்சு விடுங்க."

ஒவ்வொரு தடவையும் அண்ணி பொறுமையாகக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். கடைசியில் பெட்டியிலிருந்து ஸ்வரமே வரவில்லை. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம் மட்டும் வந்தது. கண்ணாடிக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணி, அன்னிக்கு விழுந்தது முழங்கால் இல்ல. பெட்டி. நான்தான் கீழ போட்டேன்."

"தெரியும். நீங்க தெரு முனை வரைக்கும் நல்லாத்தான் நடந்து போனீங்க. ஜன்னல்ல பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. உங்கள வேற யாரு சமாதானம் பண்றது?" அவள் பெட்டியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. இனிமே அந்தச் சத்தம் வரவே வராது, அவ்வளவுதானே?"

கண்ணாடிக்காரர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். ஜோக் இல்லாமல் அவர் ஒரு வீட்டிலிருந்து எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

நேராகத் தபால் நிலையத்துக்குப் போனார். உள்ளே தபால்காரர் தனியாக உட்கார்ந்து கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அவர் எதிரில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் போட்டு உடைச்சதால ஒரு பொம்பள தூங்காம கெடக்கா. நீங்க பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னதெல்லாம் போதும். அண்ணன் அந்தப் பெட்டிய என்னதான் பண்ணி வச்சிருந்தாரு? அத மட்டும் சொல்லுங்க."

தபால்காரர் கையிலிருந்த கடிதங்களைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க ஒண்ணும் உடைக்கல தம்பி" என்றார். "அது எப்பவோ உயிர் போன பெட்டி. மேடையில அவர் அதுக்குக் கரண்டே குடுக்கறதில்ல."

"அப்ப அந்தச் சத்தம்?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. தெரிஞ்சா வீட்டுல வாசிக்க விடமாட்டாங்கன்னு பயம். பாக்கறவங்க பெட்டின்னு நினைச்சுக்கட்டும்னுதான் கால அது மேல வச்சுக்குவாரு." தபால்காரர் தன் இடது கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்து, அதையே பார்த்தார். "நடுங்கினது அவர் விரலு தம்பி."