ஞானஸ்நானம் வைத்த பெயர்கள்

இந்த அந்தமான் தீவுகளில் கால் வைத்த எந்த வெள்ளைக்காரனும் ஆங்கிலத்தை அப்படி வேலை வாங்கியதில்லை. ஞானஸ்நானம் என்று நாங்கள் கூப்பிட்ட என் ரூம்மேட் வாங்கினாள். ஹாஸ்டலில் நாய், டியூப்லைட், பருப்பு, வார்டன் என்று எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும். மாயாபந்தரில் மீன்பிடிக்கும் குடும்பம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். நான் ரங்கத் என்ற ஊர்க்காரி. இரண்டு பேரும் பதினொன்றாம் வகுப்புக்குப் போர்ட் பிளேர் வந்து, டாலிகஞ்சில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஒரே அறையில் விழுந்தோம்.

பள்ளியில் முதல் வாரமே அவமானம். ஆங்கில டீச்சர் 'கேண்டிட்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுவது என்று சொல்லியிருக்க வேண்டும். இவள் எழுந்து, "மெழுகுவத்தி அணைஞ்சு போச்சுன்னா அது கேண்டிட், மேம். கேண்டிலுக்குப் பாஸ்ட் டென்ஸ்" என்றாள். டவுன் பெண்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "அரையாண்டுல இங்கிலீஷ் பாஸ் ஆகாதவங்க அவங்கவங்க ஊருக்கே திரும்பிப் போய்ப் படிக்கலாம்" என்றார். அவர் பார்த்தது ஹாஸ்டல் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையை.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, இவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வாசலுக்குப் போனாள். கேட்டருகே எப்போதும் படுத்தே கிடக்கும் நாயின் தலையில் தண்ணீரைத் தெளித்து, "இன்னைலேருந்து உம் பேரு லெத்தார்ஜிக்" என்று அறிவித்தாள். சோம்பேறி என்று அர்த்தம். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

"என்னடி பண்ற?" என்றேன்.

"வார்த்தை புஸ்தகத்துல கெடந்தா மறந்துபோவும்ட்டி. ஒரு ஆளு மேல ஏத்திவுட்டுட்டா எப்பிடி மறக்கும்?"

அன்றிலிருந்து அவள் ஞானஸ்நானம் ஆனாள். விட்டுவிட்டு எரியும் டியூப்லைட் 'இன்டர்மிட்டென்ட்'. நினைத்தபோது மட்டும் தண்ணீர் வரும் குழாய் 'ஸ்போராடிக்'. ஓயாமல் பேசுகிறவள் என்பதால் நான் 'கேருலஸ்'. பழைய பெயரைச் சொல்லிவிட்டால் தட்டில் இருக்கும் பொரித்த மீனைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். மீனுக்குப் பயந்தே ஹாஸ்டல் முழுக்க ஆங்கிலம் பரவியது. எதிர்க்கடைத் தெலுங்கு பாபு அதைக் கேட்டுக் கேட்டு, நாய்க்கு நாங்கள் மரியாதை கொடுக்கிறோம் என்று எண்ணி, "லெதர்ஜி, இதர் ஆவோ!" என்று பிஸ்கட்டோடு கூப்பிட ஆரம்பித்தார். தெருவே அதை 'ஜி' போட்டுத்தான் அழைத்தது.

சமையல்கார மாஷியால்தான் விவகாரம் வெடித்தது. மாஷி என்றால் வங்காள மொழியில் சித்தி. அவர் சமைப்பதில் கஞ்சம் இல்லை, உப்புக் காரத்தில்தான் கஞ்சம். அவருடைய பருப்புக்கு ஞானஸ்நானம் வைத்த பெயர் 'இன்சிப்பிட்'. சப்பென்று இருப்பது. "மாஷி, இன்னும் கொஞ்சம் இன்சிப்பிட்!" என்று நாங்கள் தினமும் கேட்க, அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் வார்டனிடம் போய், "மேடம், மேரா தால் ஏக்தம் இன்சிப்பிட்! சப் லட்கி போல்தா ஹை" என்று, தன் பருப்பை எல்லாப் பெண்களும் இன்சிப்பிட் என்று புகழ்வதாக மார்தட்டிவிட்டார்.

வார்டன் திருச்சிக்காரர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரையும் சாப்பாட்டு அறையில் வரிசையாக நிறுத்தினார். மாஷிக்கு அர்த்தத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடி, முந்தானையால் கையைத் துடைத்தபடி உள்ளே போனார்.

"இந்தக் கூத்த ஆரம்பிச்சது யாரு?"

ஞானஸ்நானம் முன்னால் வந்தாள்.

"எனக்கும் பேரு உண்டா?"

நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். பலனில்லை.

"உண்டு மேம். இம்பிளாக்கபிள்."

வார்டன் போனை எடுத்துத் தேடினார். எவ்வளவு கெஞ்சினாலும் மனசு இளகாதவர் என்று அதில் வந்திருக்கும். நிமிர்ந்து, "ஸ்பெல்லிங் சொல்லு" என்றார். தப்பில்லாமல் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியையும் கேட்டார். டியூப்லைட், குழாய், நாய் என்று அத்தனைக்கும் பதில் வந்தது, எழுத்துப் பிசகாமல். வார்டன் போனை மூடிவிட்டு அறைக்குப் போய்விட்டார். எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நாங்கள் பெட்டி கட்ட ஆரம்பித்தோம்.

அன்றைய சாப்பாட்டை மறக்க முடியாது. பருப்பில் பூண்டும் மிளகாயும் தாளித்து, ஆளுக்கு இரண்டு பெரிய துண்டு சுரமை மீன் வைத்தார் மாஷி. "பஹலே போல்னா தா நா, பேட்டி" என்றார். "முன்னாடியே சொன்னா நான் மாத்தியிருக்க மாட்டேனா?" என்பதுதான் அந்த இந்தியின் சாரம். ஞானஸ்நானம் தேம்பிக்கொண்டே எழுந்துபோய் அவருக்கு ஒரு பெயர் வைத்தாள். 'மேக்னானிமஸ்'. பெருந்தன்மைக்காரி.

மறுநாள் காலை வார்டன் எங்களுக்கு முன்னால் பள்ளியில் இருந்தார். தீவுப் பள்ளிகளுக்கு இடையே ஆங்கிலச் சொற்போட்டி வரவிருந்தது. டவுன் பெண்களைத் தவிர யாரும் அதற்குப் போனதில்லை.

"டீம் முடிவாயிருச்சு மேடம்" என்றார் பிரின்சிபால்.

"ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கும் ஒரு டெஸ்ட் வைங்க."

"அடுத்த வருஷம் பார்க்கலாமே."

"இந்த வருஷம்" என்று சொல்லிவிட்டு வார்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த ஞானஸ்நானம், "பேரு சரியாத்தாம்ட்டி வச்சிருக்கேன்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். கடைசியில் டெஸ்ட் வைத்தார்கள். மூன்று பேர் அணியில் இரண்டு பேர் எங்கள் ஹாஸ்டல்: அவளும் நானும்.

போட்டியன்று ஹாலில் மாஷியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் வார்டன். கடைசிச் சுற்றில் நாங்களும் இன்னொரு பள்ளியும் சமமாக நின்றோம். ஒரு சொல் தருவார்கள். அர்த்தத்தைச் சொல்லி, சொந்த அனுபவத்திலிருந்து ஒரு உதாரணமும் தர வேண்டும். எதிரணிக்கு வந்த சொல்லுக்கு அர்த்தம் சரியாக வந்தது, உதாரணம் மனப்பாடமாக வந்தது. எங்களுக்கு வந்தது 'மேக்னானிமஸ்'.

ஞானஸ்நானம் மைக்கைப் பிடித்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் இலக்கணம் அங்கங்கே தள்ளாடியது. ஆனால் கதை தள்ளாடவில்லை. நாங்கள் ஒரு சமையல்காரரைக் கேலி செய்ததையும், தெரிந்த பிறகு அவர் எங்களைத் திட்டாமல் தட்டு நிறைய மீன் வைத்ததையும் சொல்லி, கையை நீட்டி, "அதோ அவர்தான்" என்று முடித்தாள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் புரியாத மாஷி, "க்யா ஹுவா?" என்று வார்டனைக் கேட்க, வார்டன் இந்தியில் சொன்னார். மாஷி எழுந்து, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டார். நடுவர்கள் கைதட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கோப்பை எங்களுக்கு. எங்களைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்ன டீச்சரே முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அரையாண்டுத் தேர்வில் ஹாஸ்டல் பெண்கள் ஒருத்திகூட ஃபெயிலாகவில்லை.

இன்று அவள் மெயின்லேண்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ. படிக்கிறாள். நான் போர்ட் பிளேரில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "என் ரூம்மேட்டு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம். அவள் கப்பல் திங்கட்கிழமைதான் வரும். நான் சனிக்கிழமையிலிருந்தே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.